மோஷன் டே மார்ச் 16ன்னா உங்க கெடு மார்ச் 16 இல்ல

கேள்வி: மேடம், நான் எடிசன்ல இருக்கேன், ஐடி வேலை. போன வருஷம் ஒரு நல்ல ஆஃபர் வந்துச்சு, பேக்ரவுண்ட் செக்ல என் பேர்ல இருக்கற வேற யாரோ ஒருத்தரோட கிரிமினல் கேஸை என் ரிப்போர்ட்ல ஏத்திட்டாங்க, ஆஃபர் போச்சு. ரிப்போர்ட் குடுத்த கம்பெனி மேல நெவார்க் ஃபெடரல் கோர்ட்ல 405 டாலர் கட்டி நானே கேஸ் போட்டேன், வக்கீல் கிடையாது. அவங்க வக்கீல் பிப்ரவரி 18ம் தேதி மோஷன் டு டிஸ்மிஸ், அதாவது கேஸை தள்ளுபடி பண்ணச் சொல்ற மனு, போட்டு எனக்கு தபால்ல அனுப்பியிருக்கார். டாக்கெட்ல, அதாவது கோர்ட்டோட கேஸ் பதிவேட்டுல, மோஷன் டே மார்ச் 16ன்னு இருக்கு. அன்னிக்கு லீவு போட்டுட்டு போய் ஜட்ஜ் முன்னாடி பேசணுமா? டல்லாஸ் ஃப்ரெண்டு பதில் போட 21 நாள் இருக்குங்கறான். மதுரை பெஞ்ச்ல ப்ராக்டிஸ் பண்ற மச்சான் "நேர்ல போய் வாய்தா கேளு, குடுத்துடுவாங்க"ங்கறார். சாட்பாட்ல கேட்டு, புது ஆதாரம் ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் சேத்து 38 பக்கத்துக்கு பதில் ரெடி பண்ணி வெச்சிருக்கேன். ஏப்ரல்ல வீடு வேற மாறுறோம். என்ன பண்ணட்டும்?

பதில்: முதல்ல லீவு விஷயத்தை முடிச்சுடுவோம், போட வேண்டாம். உங்க டாக்கெட்ல அந்த மார்ச் 16க்கு பக்கத்துலயே, இந்த மோஷன் பேப்பரை வெச்சே முடிவாகும், கோர்ட் தனியா சொன்னா ஒழிய யாரும் ஆஜராக வேண்டியதில்லன்னு ஒரு வரி இருக்கும், திரும்ப ஒரு தடவை பாருங்க. நியூஜெர்சி ஃபெடரல் கோர்ட்ல மோஷன் டேங்கறது பொதுவா மாசத்துல முதல் திங்களும் மூணாவது திங்களும், அது பேருக்குத்தான் ஒரு நாள், அன்னிக்கு அங்க போனா உங்க கேஸை யாரும் கூப்பிட மாட்டாங்க. மெட்ரோபார்க்ல ரயில் ஏறி நெவார்க் பென் ஸ்டேஷன்ல இறங்கி வால்நட் ஸ்ட்ரீட் வரைக்கும் நடந்து போய் செக்யூரிட்டில பெல்ட்டை கழட்டி மாட்டிட்டு திரும்பி வரணும், அவ்ளோதான். சில மாசம் கழிச்சு ஜட்ஜ் எழுத்துல ஆர்டர் போடுவார். வாய்வழியா வாதம் கேக்கணும்னு ஜட்ஜ் நினைச்சா தனியா தேதி சொல்லி நோட்டீஸ் வரும்.

ஆனா அந்த நாள் சும்மா இல்ல, உங்க கெடு எல்லாத்தையும் அதுலேருந்துதான் பின்னாடி எண்ணணும், நீங்க மூணு பேரும் கோட்டை விட்டது இங்கதான். லோக்கல் சிவில் ரூல் 7.1(டி)ன்னு ஒண்ணு இருக்கு, அதுப்படி உங்க பதில், அதாவது நம்மூர்ல கவுண்ட்டர்னு சொல்வோமே அது, மோஷன் டேக்கு 14 நாள் முன்னாடியே ஃபைல் ஆகியிருக்கணும். மார்ச் 16லேருந்து 14 கழிச்சா மார்ச் 2, திங்கள்கிழமை. எதிர்த்தரப்பு அதுக்கு ரிப்ளை போட மோஷன் டேக்கு 7 நாள் முன்னாடி வரைக்கும் டைம், அதாவது மார்ச் 9. அதுக்கு மேல நீங்க இன்னொரு பதில் போடணும்னா கோர்ட் பர்மிஷன் வேணும், அவங்க ரிப்ளைல என்ன பொய் எழுதியிருந்தாலும் சரி.

உங்க டல்லாஸ் நண்பர் பொய் சொல்லல, அவர் ஊர் கோர்ட்ல, அதாவது டெக்ஸஸ் வடக்கு டிஸ்ட்ரிக்ட்ல, மோஷன் ஃபைல் ஆன நாள்லேருந்து 21 நாள்தான். சான் ஹோஸேல இருந்திருந்தீங்கன்னா மோஷன் ஃபைல் ஆன நாள்லேருந்து 14 நாள். அமெரிக்காவுல மொத்தம் 94 ஃபெடரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட் இருக்கு, எல்லாத்துக்கும் பொதுவா ஃபெடரல் ரூல்ஸ் ஆஃப் சிவில் ப்ரொசீஜர்னு 1938லேருந்து ஒரே புத்தகம், ஆனா அதே புத்தகத்துல ரூல் 83 ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டும் தனக்குன்னு லோக்கல் ரூல் போட்டுக்கலாம்னு அனுமதி குடுத்துருச்சு, பொது ரூலுக்கு முரணா இருக்கக்கூடாது அவ்ளோதான் கண்டிஷன். மோஷனுக்கு எத்தனை நாள்ல பதில் போடணும்னு பொது புத்தகத்துல இல்லவே இல்ல, அதை லோக்கல் ரூலுக்கு விட்டுட்டாங்க, அதனாலதான் ஊருக்கு ஊர் ஒரு கணக்கு. டல்லாஸ் கணக்கை எடுத்தா உங்களுக்கு மார்ச் 11 வரும், அன்னிக்கு நீங்க பதில் போட்டா 9 நாள் லேட்.

தபால்ல வந்தா 3 நாள் எக்ஸ்ட்ரான்னும் யாராவது சொல்லுவாங்க. ஃபெடரல் ரூல் 6(டி)ல அப்படி இருக்கறது உண்மை, ஆனா அது "பேப்பர் கைக்கு குடுத்த நாள்லேருந்து இத்தனை நாள்"னு முன்னோக்கி எண்ற கெடுவுக்கு. உங்களோடது மோஷன் டேலேருந்து பின்னோக்கி எண்றது, அந்த 3 நாள் இதுல ஒட்டாது. இன்னொண்ணு, நீங்க தபால்ல போட்ட தேதி ஃபைல் பண்ண தேதி ஆகாது, கிளார்க் ஆபீஸ் கைக்கு போய் சேர்ற தேதிதான் கணக்கு.

இப்ப மச்சான் சொன்ன வாய்தா. நேர்ல போய் நின்னு கேக்கற வேலை இங்க கிடையாது, ஆனா நியூஜெர்சில ஒரு அருமையான விஷயம் இருக்கு, வேற பல டிஸ்ட்ரிக்ட்ல இது இல்ல. 7.1(டி)(5). கேஸையே முடிக்கற மாதிரியான மோஷன், அதாவது டிஸ்மிஸ் மோஷன், முழு விசாரணை இல்லாமலே தீர்ப்பு கேக்கற சம்மரி ஜட்ஜ்மென்ட் மோஷன் மாதிரி ஒண்ணு உங்க மேல வந்து, அதை இதுவரைக்கும் தள்ளி வெக்கலன்னா, நீங்க ஒரே ஒரு தடவை அடுத்த மோஷன் டேக்கு தானா தள்ளிக்கலாம். எதிர்த்தரப்பு சம்மதம் வேண்டாம், ஜட்ஜ் சம்மதமும் வேண்டாம், காரணம்கூட சொல்ல வேண்டாம், ஒரு லெட்டர் போதும். லெட்டர்ல என்ன இருக்கணும்னா கேஸ் நம்பர், அந்த மோஷனோட டாக்கெட் நம்பர், 7.1(டி)(5) கீழ தள்ளி வெக்கறேன்னு ஒரு வரி, இப்ப இருக்கற மோஷன் டே மார்ச் 16, அதை இதுவரைக்கும் தள்ளி வெக்கல, புது மோஷன் டே இன்னதுன்னு ஒரு வரி, எதிர் வக்கீலுக்கு காப்பி அனுப்பியாச்சுன்னு ஒரு வரி, கீழ கையெழுத்து. அரைப் பக்கம். புது தேதியை நீங்களா யோசிச்சு போடக்கூடாது, கோர்ட் வெப்சைட்ல மோஷன் டே லிஸ்ட் இருக்கும் அதுல மார்ச் 16க்கு அடுத்து எது வருதோ அதான், ஏப்ரல் முதல் திங்கள் 6ம் தேதியா இருக்கும்னு தோணுது, லிஸ்ட்டை பாத்து உறுதி பண்ணிட்டு எழுதுங்க. 6ம் தேதின்னா உங்க பதில் கெடு மார்ச் 23க்கு போயிடும்.

இந்த லெட்டருக்கும் கெடு உண்டு, பல பேர் மாட்டிக்கறது இதுலதான். பதில் போட வேண்டிய நாளுக்கு முன்னாடியே இது ஃபைல் ஆகணும், அதே நாள் இல்ல, முன்னாடி. மார்ச் 2 திங்கள், அதுக்கு முன்னாடி சனி ஞாயிறு, ஆக உங்களுக்கு நிஜமான கடைசி நாள் பிப்ரவரி 27 வெள்ளி. பேப்பர்ல ஃபைல் பண்றவரா இருந்தா தபாலை நம்பாம நேர்லயே கிளார்க் ஆபீஸ்ல குடுத்து காப்பில ஸ்டாம்ப் வாங்கிட்டு வந்துடுங்க, லீவு போடணும்னா அதுக்கு போடுங்க.

அடுத்து அந்த 38 பக்கம். நீங்க அனுப்பின அட்டாச்மென்ட்டை படிச்சு பாத்தேன், உழைப்பு தெரியுது, ஆனா அதை ஃபைல் பண்ணாதீங்கன்னுதான் சொல்லுவேன்.

பக்கக் கணக்குலயே உதைக்குது. இந்த டிஸ்ட்ரிக்ட்ல ப்ரீஃபுக்கு, அதாவது எழுத்து வாதத்துக்கு, 40 பக்கம் லிமிட்னு நீங்க படிச்சிருப்பீங்க, சரிதான், ஆனா அது பழைய டைப்ரைட்டர் மாதிரி எழுத்து, கூரியர் நியூ 12 பாயின்ட்ல அடிச்சா. டைம்ஸ் நியூ ரோமன் 14 பாயின்ட்ல அடிச்சா 25 சதவீதம் குறைச்சுக்கணும், 30 பக்கம்தான், லோக்கல் ரூல் 7.2(டி). நீங்க டைம்ஸ்லதான் அடிச்சிருக்கீங்க. இப்படி ஃபான்ட்டுக்கு ஒரு பக்க லிமிட்னு யார் உக்காந்து யோசிச்சாங்களோ தெரியாது, ஆனா எதிர் வக்கீலோட ப்ரீஃபை எடுத்து பாருங்க, அவர் எந்த எழுத்துல அடிச்சிருக்கார்னு பாத்தாலே அவருக்கு இந்த ரூல் தெரியும்னு புரியும்.

அப்புறம் பின்னாடி அஃபிடவிட் மாதிரி "சர்டிஃபிகேஷன்"னு ஒண்ணு வெச்சிருக்கீங்க, அதுல பாதி நடந்த விஷயம், பாதி "எனவே பிரதிவாதி சட்டப்படி பொறுப்பு"ங்கற மாதிரி வாதம். 7.2(ஏ) இதை வேண்டாம்னு சொல்லுது. நம்மூர் அஃபிடவிட்ல ரெண்டையும் கலந்துதான் எழுதுவாங்க, இங்க அஃபிடவிட்ல உங்களுக்கு நேரடியா தெரிஞ்ச சம்பவம் மட்டும்தான் இருக்கணும், வாதம் எல்லாம் ப்ரீஃபுக்கு. கலந்து எழுதினா அந்த வாதத்தை கோர்ட் கணக்குலயே எடுக்காது, கண்டிக்கவும் செய்யலாம்.

இதெல்லாம்கூட சரி பண்ணிக்கலாம். ஃபைல் பண்ணாதீங்கன்னு சொன்னதுக்கு பெரிய காரணம் வேற. டிஸ்மிஸ் மோஷன்ல, அதுவும் ஃபெடரல் ரூல் 12(பி)(6)ல, ஜட்ஜ் பாக்கறது உங்க கம்ப்ளைன்ட்ல, அதாவது கேஸ் போட்டப்ப குடுத்த மனுல, என்ன எழுதியிருக்குன்னுதான். பதில்ல நீங்க புதுசா ஒரு கதை சொன்னாலும் ஸ்க்ரீன்ஷாட் ஒட்டினாலும் அது கம்ப்ளைன்ட்ல ஏறாது, பதில் ப்ரீஃப் மூலமா கம்ப்ளைன்ட்டை திருத்த முடியாதுன்னு நியூஜெர்சிக்கு மேல இருக்கற அப்பீல் கோர்ட்டான 3வது சர்க்யூட் 1988லயே ஒரு பெப்சி கேஸ்ல சொல்லிட்டாங்க. உங்க கம்ப்ளைன்ட் மொத்தமே நாலு பக்கம், அதுல "தவறான தகவல் தந்தார்கள், என் வேலை போனது"ன்னு இருக்கே தவிர எந்த தேதி, எந்த கம்பெனிக்கு ரிப்போர்ட் போச்சு, எதுவுமே இல்ல. 2007லயும் 2009லயும் சுப்ரீம் கோர்ட் ட்வாம்ப்ளி, இக்பால்னு ரெண்டு தீர்ப்புல, நடந்ததை வெச்சு இது நம்பற மாதிரி இருக்கணும், வெறும் முடிவை மட்டும் எழுதினா போதாதுன்னு வெச்சுட்டாங்க. வக்கீல் இல்லாதவங்க எழுதினதை கொஞ்சம் தாராளமா படிக்கணும்னும் 2007லயே வேற ஒரு தீர்ப்புல சொல்லியிருக்காங்க, ஆனா எழுதாததை எப்படி தாராளமா படிக்கறது?

அதனால உங்களுக்கு கைல இருக்கற நல்ல சீட்டு பதில் இல்ல, அமென்டட் கம்ப்ளைன்ட், அதாவது திருத்தி எழுதின கம்ப்ளைன்ட். ஃபெடரல் ரூல் 15(ஏ)(1)ப்படி டிஸ்மிஸ் மோஷன் உங்களுக்கு சர்வ் ஆன, அதாவது முறைப்படி அனுப்பின, 21 நாளுக்குள்ள, யார்கிட்டயும் கேக்காம, ஒரு தடவை கம்ப்ளைன்ட்டை திருத்தி போட்டுக்கலாம். தபால்ல அனுப்பினா தபால்ல போட்ட அன்னிக்கே சர்வ் ஆனதா கணக்கு, பிப்ரவரி 18 ப்ளஸ் 21, மார்ச் 11. இதுக்கு மட்டும் அந்த தபால் 3 நாள் உதவிக்கு வரலாம், ஆனா எதிர்த்தரப்பு அதையே ஒரு சண்டையா ஆக்கற வாய்ப்பை ஏன் குடுக்கணும், மார்ச் 11ஐயே கடைசின்னு வெச்சுக்குங்க.

இப்ப ரெண்டையும் சேத்து பாருங்க. பதில் கெடு மார்ச் 2, திருத்தற கெடு மார்ச் 11. லெட்டர் போட்டு தள்ளினா பதில் கெடு மார்ச் 23 ஆகும், ஆனா திருத்தற கெடு மார்ச் 11லயே நிக்கும், ஏன்னா ஒண்ணு லோக்கல் ரூல் தர்ற டைம், இன்னொண்ணு ஃபெடரல் ரூல் தர்றது, லோக்கல் லெட்டர் போட்டு ஃபெடரல் கெடுவை நகத்த முடியாது. அதான் டைம் கிடைச்சுடுச்சேன்னு நிம்மதியா இருந்துட்டு மார்ச் 20ம் தேதி வாக்குல திருத்தலாம்னு உக்காந்தா, அப்ப எதிர்த்தரப்பு எழுத்துல சம்மதிக்கணும், இல்லன்னா கோர்ட் அனுமதிக்கு தனியா மோஷன் போடணும், அதுக்கு லோக்கல் ரூல் 15.1ப்படி புது கம்ப்ளைன்ட்ல எங்கெங்க மாத்தியிருக்கீங்கன்னு அடிக்கோடு போட்டு காட்டின காப்பி ஒண்ணு இணைக்கணும்.

ஆக என் யோசனை, 27ம் தேதி லெட்டரை குடுத்துட்டு வந்துடுங்க, மார்ச் 11க்குள்ள, முடிஞ்சா 9ம் தேதியே, அமென்டட் கம்ப்ளைன்ட்டை போட்டுடுங்க. போட்டவுடனே பழைய கம்ப்ளைன்ட் செத்துடும், அதை அடிக்கறதுக்குன்னு வந்த மோஷனுக்கும் பொதுவா வேலை இல்லாம போயிடும், எதிர்த்தரப்பு புதுசுக்கு 14 நாள்ல பதில் சொல்லணும். புதுசை பழசோட ஒட்டுப்போட்ட மாதிரி எழுதாதீங்க, "முன்பு சொன்னபடி"ன்னு எங்கயும் வரக்கூடாது, தனியா எடுத்து படிச்சாலே முழுசா புரியணும்.

அதுல என்ன எழுதணும்? உங்க 38 பக்கத்துலயே எல்லாம் இருக்கு, தப்பான இடத்துல இருக்கு அவ்ளோதான். ரிப்போர்ட் என்ன தேதில யார்கிட்ட போச்சு, அதுல இருந்த அந்த கேஸ் எந்த கவுன்ட்டி, அந்த ஆளோட நடுப்பேரும் அட்ரஸும் எப்படி உங்களோடதுலேருந்து வேற, நீங்க டிஸ்ப்யூட் போட்ட தேதி, அவங்க 30 நாள்ல விசாரிச்சு என்ன சொன்னாங்க, ஆஃபர் வாபஸ்னு ஹெச்ஆர் அனுப்பின மெயில் என்ன தேதி, சம்பளம் எவ்ளோ. ரிப்போர்ட் அந்த கம்பெனி கைக்கு போனதை அழுத்தி எழுதுங்க, 2021ல ட்ரான்ஸ்யூனியன் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது இதான், தப்பான தகவல் மூணாவது ஆள்கிட்ட போனவங்களுக்குத்தான் ஃபெடரல் கோர்ட்ல கேஸ் போட இடம், ஃபைல்லயே தூங்கிட்டிருந்தா இல்ல. உங்களுக்கு போயிருக்கு, ஆனா கம்ப்ளைன்ட்ல அந்த வரியே இல்ல. பொறந்த தேதி எழுதும்போது வருஷம் மட்டும், சோஷியல் செக்யூரிட்டி நம்பர்னா கடைசி நாலு எண் மட்டும், ஏன்னா அந்த பேப்பர் ஊரே பாக்கறது.

சாட்பாட் எடுத்துக் குடுத்த கேஸ் லிஸ்ட்ல ரெண்டை நான் தேடிப் பாத்தேன், அப்படி ஒரு கேஸே இல்ல. 2023ல நியூயார்க்ல ஏவியாங்கா விமான கம்பெனி வழக்குல இதே மாதிரி இல்லாத கேஸ்களை எழுதின வக்கீல்களுக்கு 5000 டாலர் ஃபைன் போட்டது எல்லாருக்கும் தெரியும். குடுக்கற பேப்பருக்கு கையெழுத்து போட்டவரே பொறுப்புங்கற ஃபெடரல் ரூல் 11 வக்கீலுக்கு மட்டும் இல்ல, கையெழுத்து போடற உங்களுக்கும்தான். கம்ப்ளைன்ட்ல கேஸ் மேற்கோளே தேவையில்ல, அதை தூக்கிடுங்க, தலைவலி போச்சு.

எதிர் வக்கீல் மோஷன்ல ஒரு அடிக்குறிப்புல, நீங்க லோக்கல் ரூல் 11.2 சர்டிஃபிகேஷன் வெக்கல, அதனாலயும் தள்ளுபடி பண்ணணும்னு எழுதியிருக்கார். இதே விஷயம் வேற எந்த கோர்ட்லயும் நடக்கலன்னு சொல்ற ஒரு சின்ன பாரா அது, மறந்துட்டீங்க, புதுசுல சேத்துடுங்க. இதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம், ரூல் 83லயே, வடிவம் சம்பந்தமான லோக்கல் ரூலை வேணும்னே இல்லாம மீறினதுக்காக யாரோட உரிமையையும் பறிக்கக்கூடாதுன்னு இருக்கு. பதிலே போடலன்னாகூட, அது ஒண்ணை மட்டும் வெச்சு கண்ணை மூடிட்டு டிஸ்மிஸ் பண்ணக்கூடாதுன்னு 3வது சர்க்யூட் 1991ல ஒரு கைதியோட கேஸ்ல சொல்லியிருக்கு. ஆனா கெடு வடிவத்துல சேராது. வக்கீல் இல்லங்கறதுக்காக ரூலை மிதிச்சுட்டு போக முடியாதுன்னும் அதே கோர்ட் 2013ல சொல்லியிருக்கு.

இன்னொண்ணு, டிஸ்ட்ரிக்டுக்கு லோக்கல் ரூல் இருக்கற மாதிரி அதுக்குள்ள ஒவ்வொரு ஜட்ஜுக்கும் தனித்தனியா சில பழக்கம் உண்டு, மோஷன் போடறதுக்கு முன்னாடி லெட்டர் எழுதணும்னு கேக்கறவங்க இருக்காங்க. கோர்ட் வெப்சைட்ல உங்க ஜட்ஜ் பேரை தட்டி அந்த பக்கத்தை படிச்சுடுங்க. சந்தேகம்னா கிளார்க் ஆபீஸுக்கு போன் போடலாம், எப்படி ஃபைல் பண்றதுன்னு சொல்லுவாங்க, எதை ஃபைல் பண்றதுன்னு சொல்ல மாட்டாங்க. ஜட்ஜுக்கு நேரா போன், மெயில் எதுவும் கூடாது, எதை அனுப்பினாலும் எதிர் வக்கீலுக்கும் காப்பி போகணும். மச்சானும் சரி, உங்க வீட்டம்மாவும் சரி, உதவி பண்ணலாம், ஆனா கையெழுத்து உங்களோடதுதான், இங்க வக்கீலா பதிவு பண்ணாதவங்க இன்னொருத்தருக்காக ஆஜராக முடியாது.

வீடு மாறுறதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. லோக்கல் ரூல் 10.1ப்படி அட்ரஸ் மாறினா 7 நாளுக்குள்ள கிளார்க்குக்கு எழுத்துல சொல்லணும். யுஎஸ்பிஎஸ் தபால் ஆபீஸ்ல ஃபார்வர்டிங் போட்டுட்டேன்னு விட்டுடாதீங்க, கோர்ட் அனுப்பின ஆர்டர் திரும்பி வந்து அதனாலயே கேஸ் மூடினது இங்க நிறைய. சாவி கைக்கு வந்த அன்னிக்கே ஒரு நோட்டீஸ் எழுதி, கேஸ் நம்பர் போட்டு, கோர்ட்டுக்கு ஒண்ணு எதிர் வக்கீலுக்கு ஒண்ணு அனுப்பிடுங்க.

நான் உங்க வக்கீலா இதை சொல்லல, நீங்க அனுப்பின பேப்பரை மட்டும் வெச்சு சொல்றேன். அமென்டட் கம்ப்ளைன்ட்டை போடறதுக்கு முன்னாடி இந்த மாதிரி ரிப்போர்ட் கேஸ் நடத்தற நியூஜெர்சி வக்கீல் ஒருத்தர்கிட்ட ஒரு தடவை காட்டுங்க, ஜெயிச்சா வக்கீல் ஃபீஸை எதிர்த்தரப்பே குடுக்கணும்னு இந்த மாதிரி ரிப்போர்ட்டுக்கான ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட்ங்கற சட்டத்துல இருக்கறதால கைக்காசு கேக்காம எடுக்கறவங்க உண்டு. இந்த வாரமே போன் போடுங்க, 27ம் தேதிக்கு அப்புறம் இல்ல.